ஒரு கை நுழையும் இடம்

நாத்தனார், தையற்காரம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே இவள் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். புருஷன் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். பெண்டாட்டிக்காரி பெட்டியின் மோட்டாரை ஒட்டுக்கேட்கிறாள் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஆனால் காது அடங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பழக்கி வைத்த காது அது. நேற்று ராத்திரி பெட்டி வந்ததிலிருந்து காலைவரை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த மோட்டார், இப்போது பாரம் தூக்குகிறவனைப் போல முனகியது. முனகிவிட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. மறுபடி முனகல், மறுபடி டிக்.

அவர் இருந்திருந்தால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடியிருப்பார்.

தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் பெயருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. "பஸ்ஸை விட்ட கையோட வீட்டுச் சாமானை ஓட்ட ஆரம்பிச்சுட்டார்" என்று தையற்காரம்மா துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது பொய்யுமில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வாஷிங்மெஷினின் வடிகட்டியைக் கழற்றி நூலும் தூசியும் எடுப்பார். மிக்ஸியைக் கொஞ்சம் ஓட்டிக் கொஞ்சம் நிறுத்தி ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று காவல் காப்பார். அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று விட்டு, அடுத்த நாள் தைக்கிற முதல் துணியில் எண்ணெய்க் கறை விழுந்து, அவள் வாயில் விழுந்து புறப்படுவார். ஃப்ரிட்ஜ் மகளுக்கு மூத்தது. மகளே படித்து, வேலை தேடி, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜ் மட்டும் பிறந்த வீட்டை விட்டு அசையவில்லை.

நேற்று சாயங்காலம்கூட மேசை ஃபேனைக் கழற்றி, இறக்கைகளைத் துடைத்து, மறுபடி பூட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் சாய்ந்தார். காற்று வாங்குகிறார் என்று நினைத்து அவள் பாட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு அவர் பதில் சொல்லாதபோதும், எப்போதும் போலக் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, இங்க பாருங்களேன்." நாத்தனார் தலையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான் அண்ணன் முகம் பளிச்சுன்னு தெரியுது. காலைலேர்ந்து கண்ணாடில பனி மூடி மூடி, துடைச்சுத் துடைச்சு என் கையே ஓய்ஞ்சுபோச்சு. இப்ப பாருங்க, தெளிவா இருக்கு."

தையற்காரம்மா கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். உள்ளே குளிராக இருந்தால் வெளியே கண்ணாடி வியர்க்கும். வியர்க்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"பெரியவனைக் கூப்பிடு" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"கூப்பிடேன், சொல்றேன்."

மகன் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஆளுக்கு ஒரு சேதி சொல்லி, நாற்காலிக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு பண்ணி, அழக்கூட நேரமில்லாமல் அலைந்தவன்.

"தங்கச்சி பிளைட் லேட்டாம்மா. நடுவுல மாறணும்ல, அந்த ஊர்ல ஒரே பனிமூட்டமாம். மத்தியானம் வரவேண்டியவ, சாயங்காலம் ஆயிடும்ங்கறா." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அழறாம்மா. அப்பா முகத்தைப் பாக்காம எடுத்துடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி அழறா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நானும்தான்டா பண்ணியிருக்கேன்" என்றாள் தையற்காரம்மா. நேற்று மகளிடம் பேசியபோது அவள் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். *நீ வந்து பாக்காம உங்கப்பாவை எடுக்க மாட்டோம், நீ பதறாம வா.* மற்றதெல்லாம் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. "பெட்டி ஓடலை."

"என்னது?"

"குளிரலை. சத்தத்தைக் கேளு."

அவன் கேட்டான். முனகல், டிக். குனிந்து சுவிட்சை அணைத்தான், போட்டான். முனகல், டிக். மறுபடி அணைத்தான், போட்டான். டிக். போனை எடுத்துப் பெட்டிக்காரனைக் கூப்பிட்டான். அந்த ஆள் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. "சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார். இல்லேன்னா வேற பாக்ஸ் தரேன். ஆனா எல்லாம் வெளிய போயிருக்கு சார், இன்னிக்கின்னு பாத்து ஒரே கிராக்கி. சாயங்காலத்துக்கு மேலதான் ஒண்ணு திரும்பி வரும்."

"சாயங்காலம்வரைக்கும் எங்கப்பா என்னய்யா பண்ணுவார்?" மகன் கத்தினான். கத்திய பிறகு அந்தக் கேள்வி எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அவனுக்கே உறைத்ததோ என்னவோ, போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான்.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மெல்ல எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அறுபதைத் தாண்டியவள்தான், அண்ணன் என்றால் உயிர். "அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வெயில்ல எப்படித் தாங்கும்? அண்ணன் சாகறவரைக்கும் சட்டைல ஒரு சுருக்கம் இல்லாம இருந்த மனுஷன். அவரை யாரும் முகம் சுளிச்சுப் பாக்கற மாதிரி ஆயிடக் கூடாது. மத்தியானமே எடுத்துடலாம். பொண்ணுகிட்ட நான் பேசறேன். புரிஞ்சுப்பா."

"புரிஞ்சுப்பா" என்றாள் தையற்காரம்மா. "ஆனா மன்னிக்க மாட்டா. என்னையும் மாட்டா, தன்னையும் மாட்டா."

"அதுக்காக..."

"எடுக்கறதுன்னா எப்பவும் எடுக்கலாம். கொஞ்சம் பொறு."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெட்டிக்காரன்மேலா, பனிமூட்டத்தின்மேலா? உள்ளே படுத்திருந்தவர்மேல்தான் என்று பிறகு தோன்றியது. வீட்டில் ஒரு சாமான் மக்கர் பண்ணுகிற நேரமாகப் பார்த்து மனுஷன் இப்படிப் படுத்துக்கொண்டால்? எத்தனை நாள் அவரை இழுத்துப் பிடித்து உட்கார வைக்கப் பாடுபட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் உட்காராதவர் இப்போது அசைய மாட்டேன் என்கிறார்.

பெட்டியைச் சுற்றி வந்தாள். தலைமாட்டில் ஒன்றுமில்லை, கண்ணாடி மட்டும்தான். கால்மாட்டில்தான் மோட்டார். அங்கே தகர மூடியில் ஜன்னல் கம்பி மாதிரி வரிவரியாக ஓட்டை விட்டிருந்தது. அந்தப் பக்கம் முழுக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. நேற்று வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று எல்லாரும் சேர்ந்து பெட்டியைத் தள்ளிச் சுவரில் முட்ட வைத்துவிட்டார்கள். காலையில் வந்த மலர் வளையங்களை வேறு, நடக்கிற வழியில் இருக்க வேண்டாமென்று, அந்த மூலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஓட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"அட கடவுளே" என்றாள்.

இந்த வீட்டில் இப்படி ஒரு காரியம் அவர் கண்முன்னால் நடக்குமா? அதுவும் அவருக்கே நடக்குமா?

ஃப்ரிட்ஜை வாங்கி வந்த நாளிலேயே அவர் போட்ட முதல் சட்டம் அது. சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு கை நுழையணும். அவர் கை ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தடித்த கை. அது நுழைகிற மாதிரி வைத்தால் ஃப்ரிட்ஜ் சமையலறையை விட்டே வெளியே வந்துவிடும். அதனால் அளவுகோல் அவளுடைய கைதான். வெள்ளையடித்து முடித்தாலும் சரி, தரை கழுவினாலும் சரி, "தையல், இங்க வா, கையை விடு" என்று கூப்பிடுவார். அடுப்பில் என்ன கருகினாலும் அவள் வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுக் காட்ட வேண்டும். "ஏன், ஒரு குச்சிய வெச்சு அளக்கறதுக்கென்ன?" என்பாள். "குச்சிக்குச் சூடு தெரியுமா? கைக்குத்தான் தெரியும். சூடு வருதா?" என்பார். வருது என்று சொன்னால்தான் விடுவார். "அப்ப சரி. உள்ள இருக்கற சூட்டைப் பிடிச்சுத்தான் அது வெளிய தள்ளுது. தள்ளறதுக்கு வழி வேணுமில்ல? வாசலை அடைச்சுட்டு உள்ள குளிரு குளிருன்னா அது எங்க போகும்?"

எத்தனை தடவை கேட்ட பாட்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்றுதான் அவளே நினைத்திருந்தாள். ஊதியது அத்தனையும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

"பெரியவனே, பிளக்கைப் பிடுங்கு" என்றாள். "சுவிட்சை நோண்டாதே. பிடுங்கிடு."

"அம்மா, உனக்கு..."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மனுஷன் படுத்திருக்கார். பிடுங்குடா முதல்ல."

அவன் பிடுங்கினான். வளையங்களை எடுத்து வாசலுக்குக் கொண்டு போகச் சொன்னாள். நாலு பேர் வந்து பெட்டியை நகர்த்தினார்கள், "மெதுவா, மெதுவா, ஆட்டாதீங்க" என்று நாத்தனார் கூடவே நகர்ந்தாள். தையற்காரம்மா உள்ளே போய் அவருடைய டூல்ஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய பிஸ்கட் டின் அது. திறந்ததும் எண்ணெய் வாசம் வந்தது. அவருடைய சட்டையின் வாசம். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். அவர் எந்தெந்தத் திருகுக்கு எதை எடுப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவில்லை. முதலில் எடுத்தது பெரிசாக இருந்தது. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவது பிடித்தது.

உண்மையில் அவள் இதுவரை ஒரு திருகைக்கூடக் கழற்றியதில்லை. அவள் வேலை டார்ச் பிடிப்பது. அவர் தரையில் படுத்துக்கொண்டு எதையாவது நோண்டுவார், அவள் பக்கத்தில் குந்தியிருந்து வெளிச்சம் காட்டுவாள். கை கொஞ்சம் அசைந்தால் போதும், "ஆடாம பிடி" என்பார். "டார்ச் பிடிக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா? பேசாம ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் அவள். "கம்பம்னா இவ்வளவு பேசாது" என்பார் அவர், தலையைத் தூக்காமல்.

தகர மூடி கையோடு வந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. டார்ச்சை எடுத்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நாத்தனார்தான் பக்கத்தில் இருந்தாள்.

"இந்தா, இதைப் பிடி. இங்க காட்டு."

நாத்தனார் வாங்கிப் பிடித்தாள். வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது.

"ஆடாம பிடி" என்றாள் தையற்காரம்மா.

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மற்றொரு கையையும் சேர்த்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டிய தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே சாம்பல் நிறத்தில் கம்பளம் விரித்தது போல அழுக்கு. தூசி, முடி, நூல், காய்ந்த பூவிதழ்கள். எந்தெந்த வீட்டுக் கூடத்துத் தூசியோ, யார் யார் அழுத இடத்துப் பூவோ. பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் நின்று அவ்வளவையும் உள்ளே இழுத்து வைத்திருந்தது. ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை. அவர் பார்த்திருந்தால் பெட்டிக்காரனைக் கூப்பிட்டு வைத்து ஒரு பாடம் நடத்தாமல் அனுப்பியிருக்க மாட்டார்.

டின்னின் அடியில் அந்த பிரஷ் கிடந்தது. அவருடைய பழைய ஷேவிங் பிரஷ். முகத்துக்கு உதவாமல் போனதும் அதற்கு ஃப்ரிட்ஜில் உத்தியோகம் கொடுத்திருந்தார். "எதையும் தூக்கிப் போடறதில்லை, இடமாற்றம்தான்" என்பார். தையற்காரம்மா அதை எடுத்துத் தகடுகளின் மேல் மேலிருந்து கீழாக இழுத்தாள். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும் என்று கை தானாக ஞாபகப்படுத்தியது. இத்தனை நாளும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்? அழுக்கு கட்டி கட்டியாக விழுந்தது. நாத்தனார் ஒரு பழைய துணியை நீட்டி அதில் வாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "இதெல்லாம் வீட்டு ஆம்பளைங்க செய்யக் கூடாதா?" என்றது. "வீட்டு ஆம்பளை உள்ள இருக்கார்" என்றாள் தையற்காரம்மா, திரும்பாமல்.

மூடியைப் பூட்டியதும் மகன் பிளக்கைக் கையில் எடுத்தான்.

"போடாதே!"

"சுத்தம் பண்ணியாச்சேம்மா?"

"நீ இவ்வளவு நேரம் ஆஃப் ஆன், ஆஃப் ஆன்னு படுத்தியிருக்கே. அது மூச்சு வாங்கணும். உடனே போட்டா மறுபடி டிக்குன்னு உட்காந்துடும்." அவள் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டாள். வாசலுக்குப் பக்கத்தில் மாடி வீட்டு டீச்சர் நின்றிருந்தாள். "டீச்சர், எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவர முடியுமா?"

நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடி, ஒரு வாய்க் கஞ்சி குடி என்று எல்லாரும் கெஞ்சியபோதெல்லாம் வேண்டாமென்று தலையை ஆட்டியவள். டீச்சர் நாத்தனாரைப் பார்த்தாள், நாத்தனார் டீச்சரைப் பார்த்தாள்.

"டீயா அண்ணி? இப்பவா?"

"இப்பத்தான்."

"பாவம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "புத்தி கலங்கிடுச்சு."

மகன்தான் வாயைத் திறந்தான். பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்க அத்தை" என்றான். "டீ குடிக்கற நேரம் ஆகணும். அப்பாவோட கணக்கு. டீச்சர், எனக்கும் ஒண்ணு."

டீ வந்தது. இரண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள். சூடாக இருந்தது, சர்க்கரை கூடுதலாக இருந்தது. தையற்காரம்மா வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள்.

எதையாவது அணைத்து வைத்தால் அவர் இப்படித்தான் காத்திருப்பார். ஒரு டீ. அதுதான் கடிகாரம். ஓடாமல் ஆடாமல் அந்த மனுஷன் அவளுக்கு எதிரே உட்காருவது அந்த ஒரு டீக்கு மட்டும்தான். அதனால் சொல்ல வேண்டிய பெரிய சேதிகளை எல்லாம் அவள் அதற்கென்றே சேர்த்து வைத்திருப்பாள். மகள் வெளிநாடு போகப்போகிறாள் என்பதை அப்படித்தான் சொன்னாள். அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார். "சரி, சுவிட்சைப் போடு" என்றார். அன்றைக்கு வாஷிங்மெஷின் ஓடி முடிகிறவரை அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். துணியைத் துவைப்பது என்னவோ மெஷின்தான், இவர் ஏன் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

"போன வாரம் தங்கச்சிகிட்ட பேசினார்மா" என்றான் மகன், தம்ளரைப் பார்த்தபடி. "அவ வீட்டு வாஷிங்மெஷின் நின்னுபோச்சாம். புதுசு வாங்கப்போறேன்னு சொன்னா. அப்பா என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொல்லியிருப்பார். முதல்ல ஃபில்டரைக் கழுவு."

"அதேதான். அவ சிரிச்சுட்டு வெச்சுட்டா."

அவன் உதடு கோணியது. நேற்றிலிருந்து அலைந்த பிள்ளை, இப்போது டீத் தம்ளரை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வராததற்காக வெட்கமாகக்கூட இருந்தது. இன்னும் காரியம் முடியவில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

தம்ளர் காலியானது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

"சரி, போடு" என்றாள்.

மகன் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான். முனகியது. நாத்தனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தையற்காரம்மா 'டிக்' வரும் என்று காத்திருந்தாள். முனகல் கொஞ்சம் இழுத்தது, இழுத்து, ஒரு குலுங்கு குலுங்கி, மோட்டார் பிடித்துக்கொண்டது. ஒரே சீரான சத்தம். உள்ளே இருந்த சின்ன ஃபேனும் சுற்றியது.

"ஓடுது!" என்றான் மகன்.

"வாயை மூடு, கண்ணு படும்" என்றாள் நாத்தனார்.

ஓடினால் போதுமா? குளிர வேண்டுமே. எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து புதிதாக வந்தவர்கள்கூட ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்துக் கையைக் கட்டி நின்றார்கள். கண்ணாடிக்கு அடியில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. புருவத்தில் ஒரே ஒரு நரைமுடி மட்டும் நீண்டு நிற்கும், வெட்டிவிடுகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் விட மாட்டார். அதுகூடத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து, கால்மாட்டு மூலையில் கண்ணாடி மங்கியது. முதலில் யாரோ மூச்சு விட்டது போல ஒரு திட்டு. அது மெல்ல மேலே ஏறியது. காலை மூடியது, கோர்த்து வைத்த கைகளை மூடியது. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக மறைந்தது. மோவாய், மூக்கு. கடைசியில் அந்த நரைமுடியும் போயிற்று.

நாத்தனார் பழக்க தோஷத்தில் துண்டை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"துடைக்காதே" என்றாள் தையற்காரம்மா. "இருக்கட்டும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெள்ளையாக மூடிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்று அழுதாள். டார்ச் இன்னும் நாத்தனார் மடியில் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மகள் வந்தபோது வெயில் தணிந்து தெருவில் நிழல் விழுந்திருந்தது. கார் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள். வழியில் நின்றவர்கள் விலகினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஓட்டமெல்லாம் நின்றுபோய், என்ன செய்வதென்று தெரியாதவள் போல அம்மாவைப் பார்த்தாள்.

"துடைச்சுட்டுப் பாரு" என்றாள் தையற்காரம்மா.

மகள் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். குளிரில் கை ஒரு கணம் பின்வாங்கியது. மறுபடி துடைத்தாள். அப்பாவின் நெற்றி தெரிந்தது, கண் தெரிந்தது, பிறகு முழு முகமும் தெரிந்தது. நேற்று நாற்காலியில் சாய்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு மாற்றமுமில்லை.

அவள் கத்தி அழுவாள் என்று எல்லாரும் தயாராக இருந்தார்கள். அவள் குனிந்து, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்.

"அப்பா, ஃபில்டரைக் கழுவினேன்ப்பா. ஒரு காசும் ஒரு பொத்தானும் அடைச்சிருந்துச்சுப்பா. எடுத்ததும் ஓடுது. நல்லா ஓடுதுப்பா. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். அவள் மூச்சுப் பட்டு, துடைத்த இடம் மறுபடி மங்கியது. அண்ணன்காரன் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். நாத்தனார் சத்தமில்லாமல் அழுதாள்.

கொஞ்ச நேரம் அவர்களை அப்படியே விட்டுவிட்டு, தையற்காரம்மா எழுந்து கால்மாட்டுப் பக்கம் போனாள். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ மகனிடம் வந்து காதோடு ஏதோ சொன்னார்கள். அவன் தலையாட்டினான்.

"அம்மா, நேரமாச்சு. பெட்டியை ஆஃப் பண்ணிடலாமா?"

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது.

"என்னம்மா பண்றே அங்க?"

"ஒண்ணுமில்ல. சூடு வருதான்னு பாக்கறேன்."

"வருதா?"

வந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து சீராக, வெதுவெதுப்பாக, விரல்களுக்கு நடுவில் புகுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"வருது" என்றாள். "கொஞ்சம் இரு."

மகன் சுவிட்சில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் அகல விரித்தாள்.